இரைச்சல் மட்டும்

இரவு ஒன்றேகால். மட்டிக்களியைத் தாண்டும் கடலோர ரோட்டு. நாய்கூட இல்லை... கிட்ட வந்து இருங்கள், இது சத்தம்போட்டுச் சொல்லும் கதை அல்ல. எழுபத்தொன்பதில் நம் அன்ஸாரின் தங்கை புருஷன் ஸெய்னுதீனுக்கு நடந்தது.

அங்கே இரும்பாணி ஒன்றுகூட அடிக்காத மரக்கொட்டில். உள்ளே ஆளுயரக் குடுவை. அதற்குள் திரவ ஹீலியத்தில் மூழ்கிய மீக்கடத்திக் கருவி. பூமியின் காந்தத்தை அளக்கிற சாமான். ஆள் கிட்டப் போனால் நெஞ்சுத் துடிப்பையும் பிடித்துவிடும். பகலில் பஸ் ஓடினால் குழம்பும். ஆகவே வேலை இரவில். ஸெய்னுதீன் நாற்பது அடி தள்ளி, இன்னொரு கொட்டிலில், கருவியின் சத்தத்தைக் கேட்கக் காதில் ஹெட்போனோடு தனியே.

ஸ்ஸ்ஸ்...

"அது குவாண்டம் இரைச்சல்," என்றார் இன்சினியர் இரத்தினசிங்கம். "எவ்வளவு குளிராக்கினாலும் போகாது. எல்லாம் அடங்கின பிறகும் மிஞ்சிற நடுக்கம். மூண்டு இரவு பதிவுத் தாளிலை அது மட்டும் விழுந்தால், உம்மட வேலை நிரந்தரம்."

அந்த வேலைக்காகத்தான் அவன் மனைவி ஸுல்பிகா காத்திருந்தாள். குறிஞ்சாக்கேணியில், தாய்வீட்டில், ஏழு மாதமாய். "நிரந்தரக் கடுதாசியோட வாங்க, வாறன்."

"என்ர தங்கச்சி சொன்னாச் சொன்னதுதான்," என்று கதைக்கு நடுவே சொன்னான், நம்மோடு இருந்த அன்ஸார்.

இரண்டு இரவு சுத்தம். மூன்றாம் இரவு, தாளில் பதிவு தொடங்க இன்னும் முக்கால் மணி... இரைச்சலுக்குள் டப்-டப். டப்-டப்.

தன் நாடியைப் பிடித்துப் பார்த்தான். அது வேகம். இது மெதுவாக அடித்தது. வாசலில் நின்று டோர்ச் அடித்தான். குடுவைக் கொட்டிலின் கதவு பூட்டியபடி. மணலில் காலடி இல்லை. பாசி நாற்றம் மட்டும்.

அவன் ஓடவில்லை. ஏழு மாதத்தில் அவன் கேட்ட முதல் நெஞ்சு அது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தான்... இரண்டு மணி நெருங்கியதும் இருட்டிடம் கெஞ்சினான்:

"ஆரெண்டாலும் பரவாயில்ல. விடியுமட்டும் அடங்கி இருங்க. என்னட்ட உள்ளது எதையும் தாறன்."

டப்... நின்றது.

விலை கேளாமல் பேரம் முடித்தான், மடையன். எங்கள் கடைத்தெருவில் வெற்றிலைக்குக்கூட அப்படிச் செய்யமாட்டோம்.

விடிய இன்சினியர் தாளைப் பார்த்துத் தோளில் தட்டினார். கடுதாசி கிடைத்தது. ஸுல்பிகா வந்தாள். அன்றிரவு அவன் நெஞ்சில் தலைவைத்துப் படுத்தவள், சட்டென எழும்பினாள். மறுபடி காதை வைத்தாள்.

துடிப்பு இல்லை. ஸ்ஸ்ஸ்...

"பிறகு?" என்றான் கதை கேட்டிருந்த ஹிஸ்புல்லா, அன்ஸார் பக்கம் திரும்பி.

அன்ஸார் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்: "விடிய எழும்பித் தேத்தண்ணி கேட்டவர். இண்டைக்கும் கேட்டவர்."