‘நின்னேன்’ என்ற சொல் குறித்து விக்டோரியா கூறியது

என் பெயர் விக்டோரியா. வயது 76. காலஞ்சென்ற கிளீட்டஸின் மனைவி. மண்டைக்காடு புதூரில் சொந்த வீட்டில் தனியாக வசிக்கிறேன்.

என் கணவர் இறந்தபின் அவருடைய அண்ணன் மகன் லிஜோ, கண் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி என்னைக் காரில் ஏற்றி, பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்ட வீட்டில் மூன்றரை ஆண்டுகள் வைத்திருந்தார். ஊரில் விசாரித்தவர்களிடம், “சித்தி மவளுக்க கூட மஸ்கட்ல நிக்காவ” என்று கூறிவந்தார். அந்த வீட்டின் கதவு பூட்டப்படவில்லை. என் பல்செட்டையும் கண்ணாடியையும் அவர் எடுத்து வைத்துக்கொண்டார். பல் இல்லாமல் நான் பிறர் முன் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். ரப்பர் மரத்தில் பால்வெட்ட வந்த பெண் சொல்லி நான் மீட்கப்பட்டேன். அதன்பின், கடத்தப்பட்டு மீண்டவர்களுக்குத் துணையாகக் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் சென்று வருகிறேன்.

மயிலாடியைச் சேர்ந்த ஷைஜா தாய் தகப்பன் இல்லாதவர். தையல் படிக்க வைப்பதாக அழைத்துச் செல்லப்பட்டு, நான்கு ஆண்டுகள் ஒரு வீட்டில் இருந்தவர். பக்கத்து வீட்டார் தகவலின்பேரில் சென்ற வாரம் மீட்கப்பட்டார். அவர், “நாலு வருசம் அங்க நின்னேன்” என்று சொன்னதை உதவி ஆய்வாளர் மகேஷ்குமார், ‘விருப்பப்பட்டு வேலைக்கு நின்றேன்’ என்று பதிவு செய்திருந்தார். அவர் தருமபுரிக்காரர்; எங்கள் ஊரில் ‘நின்னேன்’ என்றால் ‘இருந்தேன்’ என்றுதான் பொருள் என்பது அவருக்குத் தெரியாது. அப்படியே விட்டால் இது கடத்தல் வழக்காகாது என்பதால் நேற்றுக் காலை நான் ஷைஜாவுடன் நிலையத்துக்குச் சென்றேன்.

அங்கிருந்த பெண் காவலர் ஸ்மைலினிடம் அவர் கணவர் எங்கே என்று கேட்டேன். “குவைத்துல நிக்காவ அம்மா” என்றார். அவர் கணவர் எந்த வீட்டில் வேலைக்கு நிற்கிறார் என்று ஸ்மைலினிடம் விசாரித்து எழுதும்படி உதவி ஆய்வாளரிடம் கூறினேன். ஸ்மைலின், “அவிய இன்ஜினியராக்கும் சார்” என்று சொல்லிச் சிரித்தார். கதவு பூட்டவில்லை என்று ஷைஜாவே ஒப்புக்கொண்டதாக உதவி ஆய்வாளர் கூறினார். அதன்பேரில் என் பல்செட் விவரத்தை அவருக்குச் சொல்லி, இந்தப் பெண்ணிடமிருந்து எதை எடுத்து வைத்தார்கள் என்று கேட்கச் சொன்னேன். அவர் கேட்டார்.

ஷைஜா, “எனக்க தங்கச்சிய சார். ஜின்சிய. அவள வேற எங்கயோ கொண்டு நிறுத்தியிருக்காவ. வாயத் தொறந்தா பொறவு அவளப் பாக்கவே முடியாதுன்னாவ” என்றார்.

ஜின்சிக்கு வயது பதினான்கு. காவல் வாகனம் உடனே புறப்பட்டது. இந்த நேரம்வரை அவள் கிடைக்கவில்லை.

ஆகவே முந்தைய பதிவில் ‘விருப்பப்பட்டு வேலைக்கு நின்றேன்’ என்பதை அடித்துவிட்டு, ‘நிறுத்தப்பட்டேன்’ என்று எழுத வேண்டும். ஜின்சிக்கும் அதே சொல்லை எழுத வேண்டும். அவள் விஷயத்தில் அதை இறந்த காலத்தில் எழுதக் கூடாது.

எழுதியதை நானே வாசித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே உள்ளது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
கி. விக்டோரியா