கோயில் பெட்டியளுக்கு லொறி வருது

ஹலோ... ஹலோ, யோசெப் அண்ணையோ?... நான் மொன்றியல்ல இருந்து அருமைராசா... ஓம், ஓம்... இல்லையண்ணை, ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை, எல்லாரும் சுகம். சந்தோசமான சங்கதி, அதுதான் வேலைக்கு வெளிக்கிடமுதல் எடுத்தனான். பெட்டியளுக்கு இடம் கிடைச்சிட்டுது!... ஓம், உங்கட கோயிலுக்குள்ள கிடக்கிற பெட்டியளுக்குத்தான்... உங்கட பக்கத்து றெஜைனா நகரத்தில, பழைய பத்திரங்களைக் காத்து வைக்கிற இடம். எத்தினை தரம் எடுத்திருப்பன், என்ர குரலைக் கேட்டாலே அந்த மனிசி பெருமூச்சு விடும்... நேற்று ஓமெண்டு சொல்லிப்போட்டுது. வெள்ளிக்கிழமை லொறி வருது. கோயில் திறப்பு உங்களிட்டத்தானே, நீங்கள் கதவைத் திறந்துவிட்டாச் சரி.

கேளுங்கோவன், அண்ணை. முதல்ல அந்த மனிசி மாட்டனெண்டுதான் நிண்டது. சஸ்கச்சுவானில, கோதுமை வயலுக்கு நடுவில ஒரு குட்டி ஊர், பள்ளிக்கூடம் பூட்டியாச்சு, கோயில் பூட்டியாச்சு, கவுன்சிலையும் கலைக்கப் போறாங்கள், உதில ஆருக்கு என்ன அக்கறையெண்டு கேட்டுது. நான் விடுவனோ? முதல் வந்து மண்வீடு கட்டின உக்ரேன் சனத்தின்ர படம் இருக்கு, ஞானஸ்நானம், கலியாணம் எல்லாம் எழுதிக்கிடக்கு, ஹொக்கி விளையாடின பெடியளின்ர படம்... கடைசியா, இரவல் கோட்டோட நாங்கள் வந்திறங்கின படம்... ஓம், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நிண்டனீங்கள், அதுதான்!

பேந்து எங்கட பிள்ளை றொசானைப் பற்றியும் சொன்னன்... சொல்லத்தானே வேணும். எண்பத்தேழில, வந்த முதல் பனிக்குள்ளயே கைக்குழந்தையை அங்க தாட்டுப்போட்டு, வேலை தேடி இஞ்சால ஓடியந்தனாங்கள். இருபது வருசமாகப் போகுது. நட்ட மரக்குருசும் உக்கிப் போச்சு. சேமக்காலையில பிள்ளை எந்த இடத்தில கிடக்கிறான் எண்டு அந்தப் பெட்டிக்குள்ள சுருட்டிக் கிடக்கிற சேமக்காலை வரைபடத்தில மட்டும்தான் கீறியிருக்கு எண்டன்... அதோடதான் மனிசி இளகினது. அண்ணை, அவனுக்கு நடுற கல்லறைக் கல்லும் இஞ்ச பக்கத்தில லவால்ல வெட்டி முடிஞ்சுது. அவன்ர பேரோட. தாய்க்காரி அக்னெஸ் வேலையால வாற வழியில போய்த் தடவிப் பாத்திட்டு வாறாள்...

அண்ணை?... ஏன் அழுறியள்?... என்ன நடந்தது?...

கவுன்சில்காரர் சொன்னவங்களோ?... குப்பைக் கிடங்குக்கோ?... ஓம்... ஓம், நீங்கள் விடமாட்டியள், எனக்குத் தெரியும். எங்க கொண்டுபோய் வச்சனீங்கள்?... கோயிலுக்குப் பின்னாலயோ...

கொளுத்திப்போட்டியளோ?

...இல்லை, இல்லை, நில்லுங்கோ. எல்லாத்தையுமோ?... அந்த நீளப் பெட்டி? சுருட்டி வச்ச சேமக்காலைப் படம்?... அதுகுமோ...

ஐயோ அண்ணை! என்ன வேலை பாத்து வச்சிருக்கிறியள்!... ஓம், கோயில் பொருளைக் குப்பையில போடக்கூடாது, மரியாதையாக் கொளுத்தவேணும், எனக்கும் தெரியும்! அது குருத்தோலைக்கு அண்ணை! பழைய செபப் புத்தகத்துக்கு!... எனக்கு ஒரு போன் அடிக்கேலாதோ?...

அடிச்சனீங்களோ?... எப்ப?... ஆளில்லாட்டிப் பேசுற மெசினோ?... பிரெஞ்சில பெட்டைக் குரலோ... அது எங்கட மகள் றொஷினி அண்ணை, இந்த வீடுதான். வேற ஆற்றையோ வீடெண்டு வச்சிட்டியளோ... ம்...

...இல்லை. இல்லையண்ணை, உங்களைப் பேசேல்லை. அழாதையுங்கோ... ஓம்... முழங்காலில நிண்டு செபமாலை சொன்னனீங்கள்... ஓம்... சாம்பலை அள்ளிக்கொண்டுபோய்ச் சேமக்காலையிலயோ?... முழுக்கத் தூவினனீங்களோ?... ஓம்... அப்ப அவனுக்கு மேலயும் கொஞ்சம் விழுந்திருக்கும்.

லொறி வேண்டாமெண்டு சொல்லிவிடுறன்... கல்லையோ? கல்லை எங்கயெண்டு நடுறது, அண்ணை? வயல்வெளி மாதிரிக் கிடக்கு அந்த இடம்...

ஒண்டு கேளுங்கோ. அக்னெஸ் எடுத்தா இதை மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ. நான் ஆறுதலாச் சொல்லுறன். அவள் தாங்கமாட்டாள்... இல்லை, பக்கத்தில இல்லை, குசினிக்குள்ள சமைக்கிறாள்...

என்ன சத்தம் அது?... நீங்களோ அழுறியள்?... நீங்கள் இல்லையோ?... அப்ப ஆர்...

அக்னெஸ்?... குசினிப் போனிலயோ நிக்கிறாய்?... அக்னெஸ், எப்ப இருந்து கேட்டுக்கொண்டு நிக்கிறாய்?... அக்னெஸ்...

வச்சிட்டாள்... நானும் வைக்கிறன், அண்ணை.