வியாழக்கிழமைக்கு ஒன்றுமில்லை

— கொட்டு. பையை முழுசா கவுத்துக் கொட்டு. ஒண்ணொண்ணா எடுத்து வைக்கிற, அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?

— அடியில தக்காளி இருக்கு மாமா. கவுத்தா நசுங்கிடும்.

— தக்காளியை எவனாவது அடியில போடுவானா?

— கூட்டம். பின்னால நிக்கறவங்க மொத்த பாரமும் என் முதுகு மேலதான். அவன் அள்ளிப் போட்டான், வாங்கிட்டு வந்துட்டேன்.

— அள்ளிப் போட்டா வாங்கிக்குவியா? பாரு, பழுத்ததா பாத்துத் தள்ளி விட்டிருக்கான். கை வச்சா உள்ள போகுது. இதை எங்க வைப்ப? நம்ம பிரிட்ஜுக்கு மேல்தட்டு செத்து எவ்வளவு காலமாச்சு. தண்ணி வச்சா தண்ணியாவே எடுக்கலாம்.

— தெரியும் மாமா. அதனாலதானே வாரா வாரம் உக்காந்து இந்தப் பாடு.

— பாடு உனக்கு மட்டுமில்ல. பகல் பூரா அதோட இருக்கறவன் நான். ஒண்ணையும் உறைய வைக்க மாட்டேங்குது, சத்தம் மட்டும் போடுது. சில நாள் அது நின்னு போச்சுன்னா வீட்டுல யாரோ எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கு. சரி, சொல்லு. இன்னிக்கு என்ன?

— மீன். வாங்கின அன்னிக்கே ஆக்கிடணும்னு சொல்வீங்கல்ல.

— காட்டு. கண்ணு பரவால்ல. செவுள் பாத்தியா?

— பாத்தேன். செவசெவன்னு இருந்துச்சு.

— சாயம் தடவியிருப்பான்.

— மீனுக்கு உதட்டுச் சாயம் பூசிவிடற அளவுக்கு அவனுக்கு நேரமில்ல மாமா.

— உனக்குத் தெரியாது. எவனுக்கும் ஏமாத்தறதுக்கு நேரம் இருக்கும். இது முள்ளு கம்மியான மீனாச்சே. விலை ஜாஸ்தியாச்சே.

— உங்களுக்குப் புடிக்குமேன்னு வாங்கினேன்.

— ம். நாளைக்கு?

— நாளைக்குக் கீரை. ரெண்டு கட்டு இருக்கு. இன்னொரு கட்டை ஈரத்துணியில சுத்தி வச்சா செவ்வாய்க்கிழமை வரைக்கும் வாடாது.

— வாடாது. ஆனா என் பேத்தி வாலு திங்க மாட்டா.

— பருப்போட சேத்துக் கடைஞ்சுடறேன். குளத்துப் பாசின்னு சொல்லிக்கிட்டே தின்னுடுவா.

— புதனுக்கு?

— பீன்ஸ் இருக்கு. மிச்சத் தக்காளியைப் போட்டு வதக்கி முட்டையை உடைச்சு ஊத்திடலாம்.

— முட்டை ஏன் இவ்வளவுதான்? எப்பவும் அட்டையோட வாங்குவ.

— இந்த வாரம் இது போதும்னு தோணுச்சு.

— சரி. வியாழன்?

— மீனை அலசிடறேன் மாமா. நாத்தம் அடிக்கும்.

— அலசு. வாயால அலசப் போறதில்லையே. அலசிக்கிட்டே சொல்லு. வியாழக்கிழமைக்கு என்ன?

— அப்புறம் பாத்துக்கலாம்.

— அப்புறம்னா?

— அப்புறம்னா அப்புறம். அதுக்குள்ள என்ன அவசரம்?

— எனக்கு அவசரமில்ல. நீ அந்த உருளைக்கிழங்கை மட்டும் காட்டு.

— வாங்கல.

— பூசணித் துண்டு?

— வாங்கல.

— முட்டைகோஸ்? சேனை? ஏதாவது வேர்ல வெளையறது, தோல் தடிச்சது, கல்லு மாதிரி இருக்கறது? வெங்காயம்கூட கைப்பிடிதான் இருக்கு.

— தோள்பட்டை வலி மாமா. அத்தனையும் தூக்க முடியல.

— சும்மா கதை விடாத. போன வாரம் வாலுவையும் இடுப்புல வச்சுக்கிட்டு அத்தனையும் தூக்கிட்டு வந்தவ நீ. இங்க பாரு. நான் ஆயுசு பூரா காய்கறி கோடவுன்ல மூட்டை தூக்குனவன். படிக்கத் தெரியாது. ஆனா லாரியில என்ன ஏத்தறான்னு பாத்தா போதும், எவ்வளவு தூரம் போற லாரின்னு சொல்லிடுவேன். கீரையும் தக்காளியும் ஏத்தினா பக்கத்து ஊரு. உருளையும் பூசணியும் ஏத்தினா தூர தேசம்.

— தெரியும், ஆயிரம் தடவை சொல்லிட்டீங்க.

— இந்தப் பை புதன்கிழமை வரைக்கும்தான் போகுது. அதுக்கு மேல போகல.

— நடுவுல ஒருநாள் முனைக்கடையில வாங்கிப்பேன்.

— யாரு, நீயா? முனைக்கடையில ஒரு வெங்காயம் வாங்கினா அன்னிக்கு பூரா அவனைத் திட்டறவ நீ. நடுவாரத்துல வாங்கினா கட்டுப்படியாகாதுன்னு நீதான் இந்த ஏற்பாட்டையே பண்ணின. அழுகறது முன்னாடி, அழுகாதது பின்னாடி. ஒரு வாரமாவது தப்பினதுண்டா? வாலுக்குக் காய்ச்சல் வந்த வாரம்கூட உருளைக்கிழங்கு வந்துச்சு.

— ஒரு வாரம் தப்பினா என்ன மாமா? எல்லாத்துக்கும் ஒரு அர்த்தம் இருக்கணுமா?

— இருக்கணும். என் மகன் போனதுக்கு முந்தின நாள் என்ன பண்ணான்னு உனக்குத் தெரியுமா?

— அந்தப் பேச்சு எதுக்கு இப்ப?

— எனக்குக் கால் நகம் வெட்டிவிட்டான். என்னைக் கட்டில்ல உக்கார வச்சு, பாதத்தைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணா வெட்டினான். அதுக்கு முன்னாடி ஒரு நாளும் வெட்டினவன் இல்ல. நான் பெருமையா உக்காந்திருந்தேன், நம்ம பையனுக்குப் பொறுப்பு வந்துடுச்சுன்னு. மறுநாள் காலையில ஆளைக் காணோம். உன்னையும் விட்டுட்டு, கைக்குழந்தையையும் விட்டுட்டு, எவளோ ஒருத்தி கூட.

— இதை நீங்க எங்கிட்ட சொன்னதே இல்லையே.

— சொல்ற மாதிரி விஷயமா அது? அன்னிலேருந்து எவனாவது திடீர்னு நல்லபடியா நடந்துக்கிட்டா நாளைக்கு இவன் இருப்பானான்னு பாக்க ஆரம்பிச்சுடறேன். இன்னிக்கு நீ முள்ளு கம்மியான மீன் வாங்கிட்டு வந்திருக்க.

— மீன் வாங்கினது ஒரு குத்தமா?

— மீனு குத்தமில்ல. வியாழக்கிழமை எங்கன்னு கேக்கறேன். எங்க போற? யார் கூட?

— மாமா.

— அந்தக் கட்டிங் மாஸ்டர்தானே?

— எந்தக் கட்டிங் மாஸ்டர்?

— உங்க தையல் கம்பெனியில எத்தனை பேரு இருக்காங்க? தெருமுனை வரைக்கும் உன் பையைத் தூக்கிட்டு வர்றானே, அவன். ஜன்னல்லேருந்து பாக்கறேன்.

— ஜன்னல்லேருந்து வேற என்னல்லாம் பாக்கறீங்க?

— எல்லாம் பாக்கறேன். எனக்கு வேற என்ன வேலை? எதிர் வீட்டுக்காரன் அவன் குப்பையை அடுத்தவன் வாசல்ல வச்சுட்டுப் போறதையும்தான் பாக்கறேன். பேச்சை மாத்தாத.

— அவருக்கு அடுத்த தெரு. போற வழியில தூக்கிட்டு வர்றார். அவ்வளவுதான்.

— பொண்டாட்டி செத்தவன்.

— விசாரிச்சாச்சா?

— டீக்கடையில விசாரிச்சேன். குடிக்கறதில்லையாம். சீட்டாடறதில்லையாம். யாரையும் சத்தம் போட்டுப் பேசறதில்லையாம். அதுவே எனக்கு சந்தேகமாத்தான் இருக்கு.

— சிரிக்க வைக்காதீங்க. கையில கத்தி இருக்கு.

— நான் சிரிக்கறதுக்குச் சொல்லல. உன்னை ஏதாவது கேட்டானா?

— கேட்டார். ஒரு நாள், மழைக்கு ஒதுங்கி நின்னப்ப.

— நீ என்ன சொன்ன?

— ஒண்ணும் சொல்லல. மழை விட்டுச்சு, வந்துட்டேன்.

— ஏன் சொல்லல? நான் இருக்கேன்னுதானே? புருஷன் விட்டுட்டுப் போனவ, அந்தப் புருஷனோட அப்பனையும் கையில புடிச்சுக்கிட்டு வந்து நின்னா எவன் சேத்துக்குவான்? பையோட பையா என்னையும் தூக்கிட்டுப் போக அவன் என்ன லோடுமேனா?

— நான் அப்படிச் சொன்னேனா?

— நீ சொல்ல மாட்ட. உங்கிட்ட இருக்கற கெட்ட பழக்கமே அதுதான். எல்லாத்தையும் உள்ள போட்டு மூடி வச்சுக்குவ. நான் தப்புன்னு சொல்லலையே. உனக்கு என்ன வயசாச்சு? போகணும்னா போ. வாலுவையும் கூட்டிட்டுப் போ. ஆனா சொல்லிட்டுப் போ. காலையில எந்திரிச்சு, கொடியில துணி இல்லாததைப் பாத்து நானா தெரிஞ்சுக்கற மாதிரி பண்ணாத. இன்னொரு தடவை அது எனக்கு ஆகாது.

— நீங்க ஏதாவது எங்கிட்ட சொல்லணுமா மாமா?

— நான் என்ன சொல்லணும்? கேக்கறது நான்.

— இல்ல, சும்மா கேட்டேன். வாலுக்கு உங்க ரேடியோவைக் குடுத்துட்டீங்களாமே. தொடக்கூட விட மாட்டீங்க.

— கேட்டா, குடுத்தேன். பக்கத்து வீட்டுப் புள்ளைங்க கூட அதை வச்சுத்தான் கீழ ஆடிக்கிட்டு இருக்கா. மறுபடியும் பேச்சை மாத்தற.

— மாத்தல. நான் போயிட்டேன்னே வச்சுக்குவோம். உங்களுக்கு யார் ஆக்கிப் போடுவா?

— எனக்கென்ன? கை கால் இருக்கு.

— ஒரு ஆளுக்கு ஆக்கறது லேசா?

— லேசு இல்லதான். உன் மாமியார் போனதுக்கு அப்புறம், உங்க கல்யாணத்துக்கு முன்னாடி, என் மகன் வெளியூர் வேலையில இருந்தான். நான் தனியா கிடந்தேன். அரை முட்டைகோஸ் குடுறான்னா எவனும் குடுக்க மாட்டான், வெட்டினா மிச்சம் வாடிப்போயிடும்பான். முழுசா வாங்கிட்டு வருவேன். திங்கக்கிழமை அது, செவ்வாய்க்கிழமை அது, வெள்ளிக்கிழமையும் அதே. கடைசியில அது கூடப் பேச ஆரம்பிச்சுட்டேன்.

— பதில் சொல்லுச்சா?

— உன்னைவிடப் பரவால்ல. கேட்டா பேச்சை மாத்தல.

— நானும் அப்படித்தான் மாமா. கம்பெனியில மத்தியானம் எல்லாரும் வட்டமா உக்காந்து சாப்பிடுவாங்க. புருஷன் பேச்சு, மாமியார் பேச்சு, நகைச்சீட்டு. நான் என்னத்தைப் பேசறது? டப்பாவைத் திறந்து சுவத்தைப் பாத்து உக்காந்து தின்னுட்டு எந்திரிச்சு வருவேன். சாயங்காலம் வந்தா வாலுக்கு வீட்டுப்பாடம், பாத்திரம், துணி. நீங்க ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்திருப்பீங்க. வாரத்துல ஒரு தடவை இந்தப் பையைக் கொட்டறப்பதான் என்னை ஒரு ஆளு கேள்வி கேக்கறாரு.

— கேள்வியா? நான் திட்டிக்கிட்டில்ல இருக்கேன்.

— அதுவும்தான். திட்டறதுக்காவது ஒரு ஆளு. ஏன் இந்தத் தக்காளி, ஏன் இந்தக் கத்திரிக்காயில ஓட்டை, அவன் எடைக்கல்லைப் பாத்தியா. ஞாயித்துக்கிழமை சந்தையில நிக்கும்போதே நீங்க என்ன கேப்பீங்கன்னு மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துக்கிட்டேதான் வாங்குவேன். சில சமயம் வேணும்னே ஒரு சொத்தைக் காயைச் சேத்து எடுத்துட்டு வருவேன்.

— என்னது? வேணும்னேவா? நல்ல காசு குடுத்து சொத்தையை வாங்கிட்டு வருவியா?

— ஒண்ணே ஒண்ணுதான். அதைப் பத்தி கால் மணி நேரம் பேசுவீங்க.

— கிறுக்கு. சுத்தக் கிறுக்கு. இவ்வளவும் பேசற, வியாழக்கிழமைக்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கிற.

— உப்பு எடுத்துக் குடுங்க. மீனுக்குத் தடவணும்.

— இந்தா. கையை நீட்டு. ஏன் தடவின துண்டையே மறுபடி மறுபடி தடவற?

— நாத்தம் போகட்டும்னுதான்.

— அதையும் நான் நம்பணும். இங்க பாரு, கடைசியா கேக்கறேன், இதுக்கு மேல கேக்க மாட்டேன். வியாழக்கிழமை நீ இந்த வீட்டுல இருப்பியா, இருக்க மாட்டியா?

— இருப்பேன். நான் எங்கயும் போகல. நானும் வாலுவும் இங்கதான் இருப்போம். அந்த மனுஷன்கிட்ட முடியாதுன்னு சொல்றதா, சரின்னு சொல்றதான்னு எனக்கே தெரியல. சரின்னு சொன்னாலும் இந்த வீட்டுக்கு வந்து உங்ககிட்ட பேசுங்கன்னுதான் சொல்லுவேன்.

— எங்கிட்டயா? நான் யாரு அவனுக்கு?

— டீக்கடை வரைக்கும் போய் விசாரிச்சவரு. வேற யாரு இருக்கா எனக்கு?

— அப்ப ஏன் வாங்கல? போகப் போறதில்லன்னா ஏன் வாங்கல? எனக்குப் புரியல.

— உருளைக்கிழங்குக் குவியலுக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன் மாமா. எவ்வளவு போடட்டும்னு அவன் கேட்டான். எத்தனை பேருக்குன்னு எனக்குத் தெரியல. ரெண்டு பேருக்குன்னு வாங்க மனசு வரல. மூணு பேருக்குன்னு வாங்கவும் கை வரல. அப்படியே வந்துட்டேன்.

— இது என்ன புதுக் கணக்கு? எப்பவும் வாங்கறதை வாங்க வேண்டியதுதானே. மூணு பேருக்கு.

— மூணு பேருக்கா?

— ஆமா. இதுல என்ன கேள்வி?

— நேத்து மிஷின்ல உக்காந்திருக்கேன், போன் வருது. முதியோர் இல்லத்துலேருந்து பேசறாங்களாம். புதன்கிழமை சாயங்காலம் வந்து சேர்றேன்னு சொல்லிட்டுப் போன பெரியவருக்கு உப்பு எவ்வளவு போடணும், சோறு குழைய வேணுமான்னு எங்கிட்ட கேக்கறாங்க மாமா.