பானெட்டுக்கு அந்தப் பக்கம்

இன்னும் கிட்ட வாங்க... கத்திச் சொல்ற கதையில்ல இது.

பேய் ராத்திரிதான் வரும்னு யாரு சொன்னா? இது நடந்தது பட்டப்பகல். மத்தியானம் மூணு மணி. மெயின் ரோட்ட விட்டுப் பிரிஞ்சு போற ஒரு பாதை... ரெண்டு பக்கமும் வெறும் பொட்டல். அங்க ஒத்தையா ஒரு தகரக் கொட்டகை. என்கூட வேலை பாக்கறவனோட தாய்மாமா நடத்தற கார் பட்டறை.

மாமா சரியான சிடுமூஞ்சி. அன்னிக்கு வந்தவன் அவருக்கு மேல. ஒரு பழைய காரை இன்னொரு வண்டியில கட்டி இழுத்துட்டு வந்து விட்டான்.

"ஸ்டியரிங் கல்லு மாதிரி கிடக்கு. இன்னிக்கே சரி பண்ணு. விக்கணும்."

"யாரு ஓட்டின வண்டி?"

"எங்கண்ணன். போன மாசம் வளைவுல திருப்ப முடியாம பள்ளத்துல விட்டுட்டாரு. ஆள் போயிட்டாரு. போதுமா?"

மாமா அடியில படுத்துப் பாத்தாரு. பவர் ஸ்டியரிங் பம்புலேர்ந்து ஆயில் போற ரப்பர் குழாய், அதான் ஹோஸ்... சுத்தி பூரா ஆயில் பிசுக்கு. நட்டு துரு ஏறி அசைய மாட்டேங்குது. முக்கி முனகிக் கழட்டி, ஹோஸை வெளிச்சத்துல பிடிச்சாரு. பழைய ரப்பர்னா வெடிப்பு விட்டுதான் ஒழுகும். இதுல ஒரே ஒரு கீறல். நேரா, சுத்தமா... பிளேடு போட்ட மாதிரி.

"இது தானா போனதில்ல சார்."

அவன் முகமே மாறிடுச்சு. "உன் வேலைய மட்டும் பாரு. அதை இங்க குடு."

"குடுக்க மாட்டேன். என்ன பண்ணுவ?"

அவன் கை மாமாவோட காலருக்குப் போச்சு. மாமா ஸ்பேனரைத் தூக்கினாரு. கொஞ்ச நேரம் முறைச்சுக்கிட்டு நின்னு, ரெண்டு பேரும் விலகினாங்க.

புது ஹோஸ் மாட்டியாச்சு. ஆயில் ஊத்தியாச்சு. இனி உள்ள இருக்கற காத்தை எடுக்கணும். முன்சக்கரத்தை ஜாக்கியில தூக்கி, ஒரு ஆள் சீட்டுல உக்காந்து ஸ்டியரிங்க இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பணும். இன்னொரு ஆள் ஆயில் டப்பாவைப் பாத்துக்கணும்.

"போய் உக்காரு."

"அந்தச் சீட்டுலயா? செத்தாலும் மாட்டேன்."

மாமா பல்லைக் கடிச்சுக்கிட்டு இன்ஜின் மேல குனிஞ்சாரு. கொஞ்ச நேரத்துல டிரைவர் கதவு திறந்து மூடின சத்தம். டப். வழிக்கு வந்துட்டான்னு நெனச்சாரு. தூக்கி விட்ட பானெட் மறைச்சதால சீட்டு தெரியல.

"இடது பக்கம்... மெல்ல."

சக்கரம் திரும்புச்சு. ஆயில்ல காத்துக் குமிழி... குபுக்... குபுக்.

"வலது."

திரும்புச்சு. அவ்வளவு பதமா, பொறுமையா. பத்து தடவை. குமிழி வர்றது நின்னுடுச்சு.

"போதும்."

நிக்கல.

இடது... டக். வலது... டக். வேகம் கூடுச்சு. ஜாக்கி மேல வண்டியே ஆடுது. குப்புனு ஈர மண்ணு வாசனை. அதுக்கடியில இன்னொண்ணு... ரத்தம்.

"யோவ், போதும்ங்கறேன்ல!"

சைடுல எட்டிப் பாத்தாரு.

சீட்டுல யாரும் இல்ல. ஸ்டியரிங் மட்டும் சுத்துது.

அவன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கறான். உதடு வெளுத்துப்போய்... "வேணாம்ணே... நான் சொல்றதக் கேளுண்ணே..."

ஸ்டியரிங் நின்னுச்சு. கதவு மெதுவாத் திறந்துச்சு.

அவன் பொட்டல்ல இறங்கி ஓட ஆரம்பிச்சான். கார் நின்ன இடத்துலதான் நின்னுச்சு. ஆனா அவன் போன வழியில... ரெண்டு ஆள் ஓடற புழுதி கிளம்புச்சாம்.

மறுநாள் காலைல மாமாவுக்கு போன் வந்துச்சு. செத்தவரோட சம்சாரம். "வண்டி ரெடியாயிடுச்சாமே?"

"யாரும்மா சொன்னது? உங்க கொழுந்தனாரா?"

"அவரு நேத்துலேர்ந்து வீட்டுக்கே வரலியே... எங்க வீட்டுக்காரர்தான் சொன்னாரு. ஸ்டியரிங் இப்ப நல்லாத் திரும்புதாம்."

அப்புறம்...

"சாவிய வண்டியிலேயே விட்டுடுங்க. அவரே வந்து எடுத்துப்பாராம்."