கண் கூசாத மருந்து

என் வீட்டிலேயே சுத்தமான இடம் நிலவறைதான். மேலே தொட்டியில் பாத்திரம் கிடக்கும். படுக்கையை உதறிப் பல நாள் ஆகியிருக்கும். கீழே வேலை மேசையில் தூசி பார்க்க முடியாது. தோட்டா நிரப்புகிறவன் அப்படித்தான் இருக்க வேண்டும். மேசை மேல் ஒரு சமயத்தில் ஒரே ஒரு வெடிமருந்து டப்பாதான் இருக்கும். இரண்டு இருந்தால் என்றாவது ஒன்றுக்கு ஒன்று மாறிவிடும். உங்கள் போலீஸ்காரர்கள் படம் எடுக்க வந்தபோது பார்த்திருப்பார்கள்.

அதனால்தான் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. தோட்டா நிரப்புகிறவர்களுக்கு எப்போதாவது நடப்பதுதான், ஒரு தோட்டாக் கூட்டில் மருந்து போட மறந்திருப்பீர்கள் என்கிறீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் நான் அப்படி மறந்ததே இல்லை.

நாடீன் ஓவர்டார்ஃப் என் பக்கத்து வீட்டுக்காரி. நடுவில் ஒரு சோளக்காடு. அவள் புருஷன் டேலும் நானும் ஒரே பாட்டில் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தோம், மான் வேட்டைக்கு ஒன்றாகப் போவோம். அவனும் தோட்டா நிரப்புவான். ஆனால் நான் நிரப்பியதைத் தொட மாட்டான். இன்னொருத்தன் நிரப்பியதைச் சுடக் கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம்.

"நீ என் கூடப்பிறந்தவனாவே இருந்தாலும் சரி எமில், உன் தோட்டாவைச் சுட மாட்டேன்டா. எனக்கு என் விரல் வேணும்," என்பான்.

போன வசந்தத்தில் புற்றுநோயில் போனான். நாடீன் தனியானாள். நான் எப்போதுமே தனி. அவள் வீட்டில் கூரைத் தகரம் காற்றில் அடித்தது, சரிசெய்தேன். தண்ணீர் பம்பு நின்றது, அதையும் பார்த்தேன். முடித்ததும் முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வெண்ணெயில் வதக்கி வைப்பாள். மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். அதிகம் பேச மாட்டோம். எனக்கு அது போதுமாக இருந்தது.

கோடை முடிவதற்குள் அந்த வீட்டில் சரிசெய்ய எதுவும் மிச்சமில்லை.

அரிசோனாவிலிருந்து அவள் மகள் கோரின் வாரம் தவறாமல் கூப்பிட்டாள். வீட்டை விற்றுவிட்டு வந்துவிடு என்பாள். நாடீன் பிடிகொடுக்காமல் பேசுவாள். ஆனால் ஒருநாள் அவள் சாமான் அறையைக் காலி செய்துகொண்டிருப்பதைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் இரவுகளில் யாரோ அவள் வீட்டைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். சரளைக் கல்லில் காலடிச் சத்தம். ஒருமுறை பின்கதவுக் கைப்பிடி அசைந்தது. உடனே எனக்குப் போன் செய்வாள். நான் டார்ச்சோடு வந்து கொட்டகை வரை தேடிவிட்டு வருவேன். காப்பி போடுவாள். விடியும் வரை சமையலறையில் உட்கார்ந்திருப்பேன். போலீஸ் வருவதற்கு எவ்வளவு நேரமாகும் என்பது இந்த மலைப்பக்கம் எல்லாருக்கும் தெரியும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

டேலின் வலி மாத்திரைகளுக்காக எவனோ வருகிறான் என்று அவளிடம் சொன்னேன். சாவுச் செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டு, போதைக்காக அப்படி வருகிறவர்கள் உண்டு. அவளுக்கு மட்டுமல்ல, தீயணைப்பு நிலையத்தில் வெள்ளிக்கிழமை மீன் விருந்து நடக்குமே, அங்கேயும் சொன்னேன். நாலு பேருக்குத் தெரிந்தால்தான் நம்புவாள். உண்மையில் மே மாதமே அந்த மாத்திரைகளை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்தாயிற்று. கொண்டுபோய்க் கொடுத்ததே நான்தான். அதை மீன் விருந்தில் சொல்லவில்லை.

ஒருநாள் நாடீன் சிரித்துக்கொண்டே சொன்னாள். "அந்தத் திருடன் ரொம்ப நல்லவன் எமில். உனக்கு லீவு இருக்கிற ராத்திரியாப் பாத்துத்தான் வர்றான்."

"அவனுக்கும் உன் காப்பி பிடிச்சிருக்கும்," என்றேன்.

அவள் வீட்டைச் சுற்றி நடந்தது நான்தான். இதை நீங்கள் முன்பே ஊகித்திருந்தால் நல்லது, நேரம் மிச்சம்.

பயம் என்பது மருந்து மாதிரி. குறைந்தால் என்னைக் கூப்பிட மாட்டாள். கூடினால் அரிசோனாவுக்குப் போய்விடுவாள். நான் கவனமாகத்தான் இருந்தேன். ஆனாலும் கைப்பிடியை அசைத்த மறுநாள் கோரின் விமானச் சீட்டு எடுத்து அனுப்பிவிட்டாள். நாடீன் போகாமல் இருக்க அவள் கையில் ஏதாவது கொடுத்தாக வேண்டியிருந்தது. டேலின் ரிவால்வரை அலமாரியிலிருந்து எடுத்தோம். கடையில் வாங்கிய தோட்டாக்களை வைத்துப் பகலில் பழகினாள். விமானச் சீட்டைத் திருப்பி அனுப்பினாள். வீட்டுக்குள் வைக்கும் தோட்டாவை மட்டும் நான் நிரப்பித் தருவதாகச் சொன்னேன்.

"டேல் இருந்தா உன்னையும் திட்டுவான், என்னையும் திட்டுவான்," என்றாள். ஆனால் வாங்கிக்கொண்டாள்.

அந்த மருந்தைத் தேர்ந்தெடுத்ததுபோல் நான் எதையும் யோசித்துத் தேர்ந்தெடுத்ததில்லை. இருட்டில் சுடுகிறவருக்கு முதல் எதிரி தன் குழல் முனையில் வரும் நெருப்புதான். குட்டைக் குழலுக்குள் மருந்து முழுவதும் எரிந்து முடிவதில்லை. மிச்சம் வெளியே வந்து காற்றில் பற்றிக்கொள்ளும். அந்த வெளிச்சத்தில் கண் கூசிப்போய், அடுத்த குண்டு எங்கே போகிறது என்று தெரியாது. நெருப்பை அடக்குவதற்கென்றே சில மருந்துகளில் உப்புமாதிரி ஒரு சரக்கைச் சேர்க்கிறார்கள். வேகம் கொஞ்சம் குறையலாம், புகை கூடலாம். பரவாயில்லை. படுக்கையறையில் தேவை வேகம் இல்லை, கண்.

அவளுக்கு அதைக் காட்ட விரும்பினேன். பொழுது சாய்ந்ததும் கொட்டகைக்குப் பின்னால் போனோம். முதலில் சாதாரண மருந்து போட்டதை நான் சுட்டேன். பூசணிக்காய் அளவுக்கு மஞ்சள் நெருப்பு.

"அய்யோ, ஒண்ணுமே தெரியலடா. பச்சைப் பச்சையா நீந்துது," என்று என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்வை திரும்பும் வரை பிடித்துக்கொண்டே நின்றாள். நான் அசையவில்லை.

பிறகு நான் தேர்ந்தெடுத்ததை அவளே சுட்டாள். சின்னதாக ஒரு சிவப்புப் பொறி, அவ்வளவுதான்.

"இவ்வளவுதானா? டேல் சிகரெட் பத்த வைக்கிற மாதிரி இருக்கு."

"அதுக்குத்தான் இவ்வளவு பாடு."

"ஒரு பொறியை அடக்க ஒரு மாசம் நிலவறையில உக்காந்திருந்தியா? உன்னைக் கட்டிக்காத பொம்பளைங்கல்லாம் தப்பிச்சாங்க." சிரித்தாள். அப்புறம் மிச்சக் குண்டுகளையும் சுட்டாள். அந்த மங்கலிலும் தகர டப்பா ஒவ்வொன்றாக விழுந்தது.

"இனிமே அவன் வரட்டும். தப்பவே மாட்டான்."

வீட்டுக்கு வந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது சரி. தப்ப மாட்டேன்.

நடப்பதை நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நிறுத்தினால் அவள் ஏன் என்னைக் கூப்பிடுவாள்? ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன் என்று மிச்சத் தோட்டாக்களைத் திரும்ப வாங்கினேன். ஒவ்வொன்றிலும் ஈயக் குண்டைக் கழற்றி, மருந்தைக் கொட்டிவிட்டு, குண்டை மறுபடி அழுத்திப் பொருத்தினேன். கூட்டைத் துடைத்துப் பளபளப்பாக்கினேன். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பழகுவதற்குக் கடைத் தோட்டா, வீட்டுக்கு இது, இதை வீணாக்காதே என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

அன்றிரவே போய்ச் சரளைக் கல்லில் நடந்தேன். நிம்மதியாக நடந்தேன்.

நீங்கள் பிடித்து வைத்திருக்கும் பையன் மீன் விருந்தில் மாத்திரை பற்றிய பேச்சைக் கேட்டதாகச் சொன்னானாம். சொன்னது யார் என்று அவனுக்கு நினைவில்லை. எனக்கு இருக்கிறது.

அவன் வந்தது மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தைய வாரம், நான் இரவு வேலையில் இருந்தபோது. இடைவேளையில் போன் அடித்தது. அவளுக்கும் எனக்கும் நடந்த பேச்சு எவ்வளவு நேரம் நீடித்தது என்று உங்களிடம் பதிவு இருக்கிறது. என்ன பேசினோம் என்று இல்லை. கடைசி வரை அவளுக்குத் தைரியம் சொன்னீர்களே என்று கோரின் சவ அடக்கத்தில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதனால்தான் இங்கே வந்தேன்.

"எமில், அவன் வந்துட்டான்," என்றாள். தாழ்ந்த குரல்.

எனக்கு முதலில் தோன்றியது: இருக்க முடியாது, நான் இங்கே இருக்கிறேன்.

"சமையலறைக் கண்ணாடியை உடைச்சுட்டான். உள்ள இருக்கான். ரிவால்வர் கையில வச்சிருக்கேன்."

அவள் படுக்கையறையிலிருந்து பக்கவாட்டில் ஒரு கதவு தோட்டத்துக்குத் திறக்கும். என் வீட்டுச் சாவி அவளிடம் இருந்தது. அந்தத் துப்பாக்கி வெடிக்காது, போட்டுவிட்டு ஓடு என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஏன் வெடிக்காது என்று கேட்பாள். நாடீன் எதையும் ஏன் என்று கேட்காமல் விடுகிறவள் இல்லை. அதற்குப் பதில் சொன்னால் இத்தனை மாதமும் யார் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பையன் மாத்திரையைத் தேடிவிட்டுப் போய்விடுவான், அவள் சுடும்படி ஆகாது என்றும் நினைத்தேன். இதை இப்போதுதான் நினைக்கிறேனோ, அப்போதே நினைத்தேனோ, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"அங்கேயே இரு," என்றேன். "கதவைப் பாத்து உக்காரு. விளக்குப் போடாதே. கிட்ட வரட்டும்."

"கண்ணு கூசாதுல்ல?"

"கூசாது நாடீன்."

"சரி. நீ வச்சுடாதே."

வைக்கவில்லை. பக்கத்து மேசையில் ஆட்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவனிடம் இன்னொரு போன் வாங்கிப் போலீஸைக் கூப்பிட்டிருக்கலாம். அவர்கள் முன்னால் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நில்லுடா என்று அவள் சொன்னது கேட்டது. குரல் நடுங்கவில்லை. பிறகு டப் என்று ஒரு சின்னச் சத்தம். கூட்டின் அடியில் இருக்கும் பொட்டு மட்டும் வெடித்தால் அப்படித்தான் கேட்கும். குண்டு குழலின் பின்வாயில் சிக்கி, தோட்டா உருளை சுழலாமல் பூட்டிக்கொள்ளும். நீங்கள் அதைக் கண்டெடுத்த நிலை எனக்கு அப்போதே தெரியும்.

பிறகு அவள் என் பெயரைச் சொன்னாள். அதற்குப் பிறகு கேட்டதை அந்தப் பையன் உங்களுக்குச் சொல்லியிருப்பான். அதெல்லாம் அடங்கின பிறகுதான் போலீஸைக் கூப்பிட்டேன்.

அவள் இழுப்பறையில் இருக்கும் மிச்சத் தோட்டாக்களையும் பிரித்துப் பாருங்கள். எல்லாம் காலியாக இருக்கும். தவறு என்று எழுதாதீர்கள். அவளைப் போகவிடாமல் வைத்திருக்க இதைச் செய்தேன். அன்றிரவு உண்மையைச் சொல்லாமல் அவளைச் சாகவிட்டேன். பையன் அடித்தான், கொன்றது நான். அப்படியே எழுதுங்கள்.

இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு திருத்தம். கடைசியில் அவள் 'எமில்' என்று சொன்னதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. உதவிக்குக் கூப்பிட்டாள், அவ்வளவுதான். அதை அடித்துவிடுங்கள்.