நிதானமா வாங்க, அவசரமில்ல

இல்லம்மா, அந்தக் கால் இல்ல, இது. ம்... அங்கதான். கெண்டைச் சதை. கை வெச்சாலே தெரியுதுல்ல, கல்லு மாதிரி. இது இன்னிக்கு வந்த வலி இல்ல, பழைய வலி. இன்னிக்கு அது மேல இன்னொரு மாடி கட்டியிருக்கு, அவ்வளவுதான்.

வயசு அம்பத்தி மூணு போட்டுக்கோ. லிப்ட் மெக்கானிக். நாள் பூரா லிப்டோட மல்லுக்கட்டினாலும் நான் படியிலதான் ஏறுவேன், இறங்குவேன். அப்படிப் பழகின காலும்மா இது. இல்லேன்னா போன மாசமே கழண்டு விழுந்திருக்கும்.

போன மாசம் அல்ட்ரா ஓடினேன். அல்ட்ரான்னா மாரத்தானை விட நீளம். ஒரு ஏரியைச் சுத்திச் சுத்தி ஓடணும், விடிஞ்சதுல இருந்து பொழுது சாயுற வரைக்கும். ஆமா, தெரியும். கொஞ்ச நாளைக்கு ஓட்டம்ங்கிற பேச்சே எடுக்கக் கூடாதுன்னு அங்க இருந்த டாக்டரும் சொன்னாரு. நீ திட்டறது நியாயம்தான். ஆனா நானா வரலம்மா. கூட்டிட்டு வந்தாங்க.

யாரா? இந்த முதலுதவிக் கூடாரத்துக்கு வெளிய நீலச் சட்டையில ஒருத்தன் நிக்கிறான் பாரு, உள்ள வரலாமா வேண்டாமான்னு. அவனேதான். பல் டாக்டர். அவன் கிளினிக் இருக்கற கட்டடத்து லிப்டை நான்தான் பாக்கறேன், அப்படிப் பழக்கம். இன்னொருத்தன் ஸ்கூல் வேன் ஓட்றவன், அவன் சின்ன வயசுல இருந்தே எனக்குக் கூட்டாளி. நாங்க மூணு பேரும்தான் தினம் காலையில ஓடறது. போன வாரம் ரெண்டு பேரும் வீட்டுக்கே வந்துட்டாங்க. அரை மாரத்தான்டா, ஜாலியா நடந்து ஓடி வருவோம், உனக்காக நாங்களும் மெதுவா வர்றோம்னாங்க. எனக்கு அப்பவே பொறி தட்டியிருக்கணும். அந்தப் பல் டாக்டர் ஓட ஆரம்பிச்சா பெத்த தாய் கூப்பிட்டாக்கூட நிக்க மாட்டான். அவன் எனக்காக மெதுவா வர்றானாம்.

வீட்டுக்காரியும் அப்படித்தான். நான் ஷூவை எடுத்தாலே முகத்தைத் தூக்கி வெச்சுக்கறவ, இன்னிக்கு எனக்கு முன்னாடி எழுந்து கால்ல தைலம் தேய்ச்சு விட்டா. நிதானமா வாங்க, அவசரமில்லன்னா. இருபத்தேழு வருஷத்துல அவ எங்கிட்ட அவசரமில்லன்னு சொன்னது இதுதான் முதல் தடவை. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? பரவாயில்ல, இவளுக்கும் நம்ம ஓட்டம் பிடிச்சுப் போச்சுன்னு நினைச்சேன். பூரிச்சுப் போயிட்டேன்மா.

ஐஸ் கொஞ்சம் மேல... ம், சரி.

ஆரம்பிச்சுக் கொஞ்ச தூரத்துலயே வேன்காரன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டான். கலக்குதுடா, நீங்க போங்கன்னான். கூட நிக்கறேன்னு சொன்னதுக்கு, இதுக்கெல்லாம் துணை எதுக்குடான்னு சிரிச்சான். நானும் சிரிச்சேன். அப்புறம் நானும் டாக்டரும்தான். போனைக் கார்லயே வைக்கச் சொல்லிட்டான், வெயிட்டாம். அவன் போனை மட்டும் இடுப்புல கட்டியிருந்தான். கேட்டேன். பேஷண்டு யாராவது கூப்பிடுவாங்கடான்னான்.

நான் நொண்டி நொண்டி ஓடறேன், அவன் என் பக்கத்துலயே வர்றான். கிழவிங்கெல்லாம் எங்களைத் தாண்டிப் போறாங்க. அவனுக்கு ரோஷமே வரல. தண்ணி வாங்கித் தர்றான், வாழைப்பழம் உரிச்சுத் தர்றான். எனக்கு மனசு அப்படியே இளகிப் போச்சு. அந்த இளக்கத்துலதான் வாயைத் திறந்தேன்.

எம்பொண்ணைப் பத்தி. ஒரே பொண்ணும்மா. கண்ணாடிக் கடையில பவர் பாக்கற வேலை. உன் வயசுதான் இருக்கும். ஆறு மாசம் முன்னாடி ஒரு பையனைக் கூட்டிட்டு வந்து இவரைத்தான் கட்டிக்கப் போறேன்னா. நல்ல பையன்தான். ஆனா ஏற்கெனவே ஒரு தடவை கல்யாணமாகி விவாகரத்து ஆனவன். எனக்கு சுர்ருன்னு வந்துச்சு. ஒருத்தியோட குடும்பம் நடத்தத் தெரியாதவன் உன்னை வெச்சு எப்படி நடத்துவான்னு அவன் முன்னாடியே கேட்டுட்டேன். நடந்தா பந்தலையே பிரிச்சு எறிவேன்னேன். அன்னிலருந்து அவகூடப் பேச்சு இல்ல. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை, நடுவுல அவ அம்மாதான் தபால்காரி. அவளைச் சாப்பிடச் சொல்லு. அவளைக் குடை எடுத்துட்டுப் போகச் சொல்லு.

அல்ட்ரா ஓடினேன்ல, அன்னிக்கு எல்லாம் மாறிடுச்சு. அவ்வளவு நேரம் தனியா ஓடினா மனுஷனுக்குத் தன்கிட்ட இருந்து தப்பிக்க வழியே கிடையாதும்மா. கோவம் எவ்வளவு தூரத்துக்குத்தான் வரும்? பாதியிலயே அது உக்காந்துடுச்சு. கடைசிச் சுத்துக்கு என்கூடத் துணைக்கு ஓட வந்தவன் அந்த வேன்காரன்தான். அவன் தோளைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். எம்பொண்ணு இஷ்டப்படியே நடக்கட்டும்டா, நானே முன்னாடி நின்னு நடத்தி வைக்கறேன்டான்னு சொன்னேன். அவனும் அழுதான்.

பொண்ணுகிட்டயா? சொல்லல. சொல்லத்தான் நினைச்சேன். வீட்டு வாசல் படியில கால் ஏறல. அவதான் ஓடி வந்து உக்கார வெச்சா. சாக்ஸ் ரத்தத்துல ஒட்டிக்கிட்டு வரல, கத்திரிக்கோலால வெட்டி வெட்டி எடுத்தா. வார்த்தை இதோ இங்க வரைக்கும் வந்துடுச்சும்மா. அப்படியே தூங்கிட்டேன். மறுநாள் சொல்லலாம்னா, ஆறு மாசம் பேசாத வாய்க்கு முதல் வார்த்தை எங்கருந்து வரும்? இன்னிக்கு, நாளைக்குன்னு தள்ளிப் போச்சு.

இதைத்தான் டாக்டர்கிட்ட ஓடிக்கிட்டே சொன்னேன். அந்தப் பையனை ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லணும்டா, எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல, நீ ஒரு யோசனை சொல்லுன்னேன். அவன் கையில இருந்த தண்ணியைத் தலையில ஊத்திக்கிட்டான். அப்புறம் ஒரு மரத்துக்குப் பின்னாடி போய் போன் பேசினான். காதுல விழுந்துச்சு. இல்ல, நெஜமாத்தான் சொல்றான் போலருக்குங்கறான். அந்தப் பக்கம் என்ன சொன்னாங்களோ, சரி சரி, விடல, பிடிச்சுத்தான் வெச்சிருக்கேன்னான்.

யாருடா போன்லன்னு கேட்டேன். ஊருக்கெல்லாம் வாயைத் திற, வாயைத் திறன்னு சொல்றவன், அவன் வாய் திறக்கல. நான் ரோட்டு நடுவுல நின்னுட்டேன். பின்னால வந்தவங்கெல்லாம் எங்களைத் திட்டிக்கிட்டே போறாங்க. கடைசியில சொன்னான். உன்னைக் கொஞ்ச நேரம் வெளிய வெச்சிருக்கச் சொன்னாங்கடா. வீட்ல இருந்தா நீ மோப்பம் பிடிச்சு வந்து கலாட்டா பண்ணிடுவேன்னு பயந்தாங்கன்னான். யாருன்னேன். எல்லாரும்தான்னான். எல்லாரும்னா? உன் வீட்டுக்காரியும்தான்னான். அப்போ வேன்காரனுக்கு வயித்து வலி? தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

லிப்டுல யாராவது மாட்டிக்கிட்டா நாங்க வெளிய நின்னு பேசிக்கிட்டே இருப்போம்மா. இதோ ஆச்சு சார், இப்போ திறந்துடும் சார், பயப்படாதீங்கன்னு. உள்ள இருக்கறவன் நம்பிக்கிட்டே நிப்பான். காலையில இருந்து நான் அப்படித்தான் நின்னிருக்கேன்.

நான் கேட்டேன், வேன்காரன்கிட்ட அன்னிக்கே சரின்னு சொன்னேனேடான்னு. அவன் எங்ககிட்ட சொன்னான்டா, ஆனா நீ அன்னிக்கு அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஒரு கரண்ட் கம்பத்தைப் பார்த்து வணக்கம் சார்னு சொன்னியாமே, அதான் யாரும் நம்பலன்னான். சிரிக்காத. சரி, சிரி. வேற ஒருத்தருக்கு நடந்திருந்தா நானும் சிரிப்பேன். கம்பத்துக்கு வணக்கம் வெச்சது நிஜம்தான். நீளமா ஓடறவங்களுக்குக் கண்ணுல அப்படியெல்லாம் தெரியும். அதுக்காக, அழுததும் கம்பத்துகிட்டயா அழுதேன்?

பொண்ணு நம்பாதது கூடப் பரவாயில்லம்மா. அவகிட்ட நான் சொல்லவே இல்லியே, அவளை என்ன சொல்ல. இவனுங்க ரெண்டு பேரும் கேட்டானுங்க. ஒருத்தன் அன்னிக்கு என் வாயால கேட்டான், இன்னொருத்தன் இன்னிக்குக் கேட்டான். கேட்டுட்டும், பிடிச்சுத்தான் வெச்சிருக்கேன்னான்.

கார் சாவியைக் குடுடான்னு வாங்கிக்கிட்டு ஓட ஆரம்பிச்சேன். ஓட்டத்துக்காக ரோடெல்லாம் மூடி வெச்சிருக்காங்க, ஒரு ஆட்டோ உள்ள வராது. கார் நிக்கறது முடியற இடத்துல. ஓடித்தான் போகணும், வேற வழி? இவ்வளவு நேரம் நொண்டினவன் குதிரை மாதிரி ஓடினேன்மா. கிழவிங்களை எல்லாம் தாண்டினேன். முடியற இடத்துல கட்டியிருக்கற வளைவு கண்ணுக்குத் தெரியறப்போ கால் பட்டுன்னுச்சு. அப்புறம் எல்லைக் கோட்டை நான் தாண்டினேனா, தூக்கிட்டு வந்து தாண்ட வெச்சாங்களா, தெரியல. கழுத்துல இந்த மெடல் கிடக்குது. யார் போட்டாங்களோ.

வேண்டாம்மா, அவனை உள்ள கூப்பிடாத. வண்டி நான் ஓட்றேன்னு வாசல்ல நின்னு ரெண்டு தடவை சொல்லிட்டான், எனக்கும் காது கேட்டுச்சு. அவன் கூட்டிட்டுப் போய் நான் அங்க இறங்கணுமா? அதுவும் இல்லாம, இனிமே போய் என்ன. இந்நேரம் எல்லாம் முடிஞ்சிருக்கும்.

வீட்டுக்கா? வீட்டு நம்பர் தர்றேன், ஆனா அடிச்சுப் பிரயோஜனம் இல்லம்மா. வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க. எல்லாரும் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போயிருக்காங்க. என் இடத்துல நின்னு வேன்காரன்தான் சாட்சிக் கையெழுத்துப் போடறான். எம்பொண்ணுக்கு இன்னிக்குக் கல்யாணம்.

ஏம்மா நிறுத்திட்டே? பேண்டேஜைச் சுத்து, சுத்து. கொஞ்சம் இறுக்கமாவே சுத்து.