மூணு வருஷக் கணக்கு

அறுபதுகளில் ஒருநாள், திருமயத்திலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில், என் முன் சீட்டுச் செட்டியார் பக்கத்திலிருந்தவரிடம் ஏர்மெயில் கடிதத்தை ஆட்டிக் காட்டினார்.

“மகன் டாக்டர் பட்டம் வாங்கிட்டான்ல? நட்சத்திரத்தை ஆராயச் சீமையில ரெண்டு வருஷம் ஃபெல்லோஷிப் குடுத்தாங்க.”

“நல்லதுதானே, அண்ணே!”

“கடல் தாண்டினா நமக்கு மூணு வருஷக் கணக்குத்தானே வழக்கம்? பர்மாவுல வட்டிக்கடை பார்க்க நானும் அப்படித்தான் போனேன். மூணாக்கித் தாங்கன்னு அங்க இருக்குற புரொபசருக்கு நானே எழுதிப்புட்டேன்.”

“ஐயையோ! தம்பி என்ன சொன்னாரு?”

“மானம் போச்சுன்னு இன்னைக்குக் காலை வரைக்கும் எங்கூடப் பேசலை.”

“புரொபசரு?”

“நட்சத்திரத்துக்கு ரெண்டு வருஷம் எப்படிப் பத்தும்னு இந்தக் கடுதாசியில எழுதி, மூணாக்கிட்டாரு! இப்ப அவனே ஆத்தாகிட்ட, மூணு வருஷத்துக்கு வத்தல் போடச் சொல்றான்.”